புதன்கிழமை வந்த குப்பை வண்டி

காலின் ஸ்ப்ராட் செத்துக் கிடந்தார். அவர் கோட்டுப் பையில் இருந்த போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஹெஸ்டர் ப்ரூயிட் தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார் மனிதர். பின்மண்டையில் அடி. ரத்தம் தரைக்கல் இடுக்கு வழியாகக் கதவுவரை வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகால் மணி. ஆஷ்லோ என்ற அந்தச் சிற்றூரில் சந்தை நாள். விடிவதற்கு முன்பே சதுக்கத்துக்குப் போய்ச் சீஸ் கடை விரித்தவள், பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் எண் வீட்டுக்காரரின் குப்பைத் தொட்டி நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றதால், தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

வரச் சொன்னவரே காலின்தான். வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட். முந்தின நாள், திங்கட்கிழமை, லீவும் அதுவுமாக மாலையில் போன் செய்திருந்தார்.

"ஹெஸ்டர், சாமான் எதையும் கட்டாதே. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வீட்டுக்கு வா. ஃபைலோட வரேன். ஓனர் கிட்டயும் சொல்லிட்டேன், மறைச்சுப் பேசறது எனக்குப் பிடிக்காது."

சொன்னபடி வந்திருக்கிறார். தன்னிடமிருந்த சாவியால் திறந்திருக்கிறார். ஆனால் ஃபைல் எங்கே?

போன் மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"காலின்? எங்கய்யா இருக்கே?"

வீட்டு ஓனர் ரூபர்ட் லாட்டிமரின் குரல். அவள் குடியிருக்கும் ஷீப் தெருவில் பாதி வீடுகள் அவருடையவை.

"காலின் செத்துட்டாரு. என் வீட்டுல கிடக்கறாரு," என்றாள் ஹெஸ்டர்.



"கடவுளே... நான் லண்டன்ல இருக்கேன். வந்து சேர மூணு மணி நேரம் ஆகும்." பிறகு குரல் தாழ்ந்தது. "ஹெஸ்டர்... நீ என்ன பண்ணித் தொலைச்சே?"



ஊர் முழுக்க அதே கேள்வியைத்தான் கேட்கப் போகிறது. காரணம் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை, சந்தை நிறைய ஜனம் நிற்கும்போது, காலின் அவள் கையில் நோட்டீஸைக் கொடுத்தார். பதினோரு வருஷம் குடியிருந்த வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். ஓனருக்கு அதை, வார இறுதியில் வந்து தங்கிப் போகிறவர்களுக்கான விடுமுறை வீடாக மாற்ற வேண்டுமாம். பூத்தொட்டி, கல் சுவர், ஜன்னலைத் திறந்தால் மாதா கோயில் கோபுரம்... படம் எடுத்துப் போட்டுக்கொள்ள வசதி. ஏற்கெனவே ஒன்பதாம் எண்ணை அப்படித்தான் மாற்றியிருந்தார்.

ஹெஸ்டர் சீஸ் அறுக்கிற கம்பியைக் கையில் பிடித்தபடி கத்தியிருந்தாள். இனி என் வாசல்படியை மிதித்தால், உன்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும் என்று.

நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி கான்ஸ்டபிள் டிலிஸ் பியூ. ஹெஸ்டரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள்.

நகரத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஹேவுட்டுக்கு இது போதுமானதாக இருந்தது. செவ்வாய் முழுக்கக் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிற இரும்பு முயல் ஒன்று அவள் வீட்டில் இருந்ததே, அது எங்கே? தெரியாது. காலின் கொண்டுவந்ததாகச் சொல்கிற ஃபைல்? தெரியாது. போனை ஏன் தொட்டீர்கள்? அடித்தது, எடுத்தேன்.

இருட்டியபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடிப்படி வழியை நாடா கட்டி மறித்திருந்தார்கள். தெருவில் ராத்திரி முழுக்க ஒரு போலீஸ் கார் நின்றது. சமையலறைச் சோபாவில் படுத்துக்கொண்டாள். தங்கை வீட்டுக்குப் போய்விடேன் என்றாள் டிலிஸ். ஹெஸ்டர் மாட்டேன் என்றாள். ஒரு ராத்திரி வெளியே போனால்கூடப் பூட்டை மாற்றிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை எட்டேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர். பின்னால் டிலிஸ், தரையைப் பார்த்தபடி. அவர்களுக்கும் பின்னால், விலையுயர்ந்த மழைக்கோட்டில், ரூபர்ட் லாட்டிமர்.

"கோட்டைப் போட்டுக்குங்க," என்றார் ஹேவுட். "ஸ்டேஷனுக்குப் போகணும். இந்தத் தடவை திரும்பி வர நாளாகும்."

லாட்டிமர் வருத்தமான முகத்தோடு முன்னால் வந்தார். "உன் சாமானையெல்லாம் பத்திரமா ஒரு கிடங்குல போட்டு வைக்கச் சொல்றேன் ஹெஸ்டர். நீ கவலைப்படாதே."

"சாமான் இங்கயே இருக்கும்," என்றாள். "நானும் இங்கயேதான் இருப்பேன்."

"கொஞ்சம் யோசிச்சுப் பேசு..."

"பதினோரு வருஷம் ஒழுகற கூரைக்குக் கீழ உட்கார்ந்து யோசிச்சாச்சு."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனையில் குப்பை வண்டியின் இரைச்சல் கேட்டது. வீட்டுக்கு வீடு தொட்டிகள் வரிசையாக வாசலில் நின்றன. பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு தொட்டி.

ஹெஸ்டர் சட்டென்று நின்றாள்.

பன்னிரண்டு. இன்றைக்கு.

நேற்று ஒன்றே ஒன்றுதான் நின்றது!

லாட்டிமரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. குப்பை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த வருத்தம் காணாமல் போயிருந்தது.

வண்டி நான்காம் எண்ணைக் கடந்தது. ஐந்து... ஆறு...

ஹெஸ்டர் இன்ஸ்பெக்டரின் கையை உதறிவிட்டு ஓடினாள். ஒன்பதாம் எண்ணின் தொட்டியைச் சுவரோடு சேர்த்துத் தள்ளி, ஒரே எம்பில் அதன் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வண்டிக்காரர் கெவ் தலையை வெளியே நீட்டினார். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் குப்பை எடுக்கிறவர். "என்ன கண்ணு, உன்னையும் சேர்த்து ஏத்தணுமா?"

"இதை எடுக்கக் கூடாது கெவ். நான் இறங்க மாட்டேன்."

"அந்தப் பொம்பளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு," என்றார் லாட்டிமர் அவசரமாக. "இறக்குங்க அவளை. யோவ், தொட்டிய எடுத்துட்டுப் போய்யா."

ஹேவுட் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தொட்டிமேல் உட்கார்ந்து கைதாக மறுத்த யாரையும் அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

"இறங்குங்க மேடம்."

"ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க, இறங்கறேன். இந்தத் தொட்டி நேத்துக் காலைல எட்டேகாலுக்கே வெளிய நின்னுச்சு. இது மட்டும்தான் நின்னுச்சு. யார் வச்சது?"

"குப்பைத் தொட்டியை யார் எப்ப வச்சா என்ன?"

பதில் டிலிஸிடமிருந்து வந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது.

"சார்... இங்க வழக்கமா செவ்வாய்க்கிழமைதான் குப்பை எடுப்பாங்க. திங்கட்கிழமை அரசு விடுமுறை வந்தா, அந்த வாரம் மட்டும் ஒரு நாள் தள்ளிப் போகும். புதன்கிழமைதான் வண்டி வரும். ஊர்ல சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்."

"அதனால?"

"அதனால, ஆஷ்லோல குடியிருக்கற யாரும் நேத்து தொட்டிய வெளிய வச்சிருக்க மாட்டாங்க," என்றாள் ஹெஸ்டர். "வீடு மட்டும் இங்க வச்சுக்கிட்டு லண்டன்ல குடியிருக்கறவருதான் வைப்பாரு. செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு வண்டி வரும், ஒன்பதுக்குள்ள எல்லாம் நசுங்கிப் போயிடும்னு நம்பி."

லாட்டிமர் சிரிக்கப் பார்த்தார். யாராவது விருந்தாளி வைத்திருப்பார் என்றார்.

டிலிஸ் தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். "பத்து நாளா அந்த வீட்டுல யாரும் தங்கலைன்னு நேத்து சாயங்காலம் நீங்களே சொல்லியிருக்கீங்க. கீழ கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"திங்கக்கிழமை ராத்திரி நான் சந்தைச் சாமான் எடுத்து வைக்க வெளிய வந்தப்ப இந்தத் தொட்டி இங்க இல்ல," என்றாள் ஹெஸ்டர். "அப்ப, அதுக்கப்புறம் இங்க வந்தது யாரு?"

ஹேவுட் கையுறையை மாட்டிக்கொண்டார். ஹெஸ்டர் இறங்கினாள்.

மூடி திறந்தது.

மேலாக ஒரு துண்டு. 'லாட்டிமர் இல்லங்கள் உங்களை வரவேற்கின்றன' என்று அச்சடித்தது. விடுமுறை வீட்டில் அடுப்படிக்கு அடுப்படி தொங்குவது. அதைப் பிரித்ததும் இரும்பு முயல் எட்டிப் பார்த்தது. காதெல்லாம் காய்ந்த ரத்தம்.

அதற்குக் கீழே ஒரு ஜோடி தோல் கையுறை. அதற்கும் கீழே காலினின் நீல ஃபைல்.

லாட்டிமர் ஓடினார். இரண்டு தொட்டிகளைத் தள்ளிவிட்டு, மூன்றாவது தடுக்கி விழுந்தார். எழுந்தபோது எதிரே கெவ் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்.

"குப்பைய விட்டுட்டுப் போனா எங்க மேலதிகாரி திட்டுவாரு," என்றார் கெவ்.

விலங்கு மாட்டினார்கள்.

டிலிஸ் ஃபைலைப் பிரித்தாள். ஹெஸ்டர் வீட்டுப் பாய்லரைச் சோதித்துக் கொடுத்த எரிவாயு சர்ட்டிபிகேட் முதல் தாளாக இருந்தது. அது இல்லாமல் எந்த ஓனரும் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. நாள், போன மாதம். கையெழுத்து, ஆல்ஃப் டிம்ஸ்.

"ஆல்ஃபா?" என்றாள் ஹெஸ்டர். "அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே. சவப்பெட்டியைத் தூக்கின ஆறு பேர்ல காலினும் ஒருத்தர்."

ஓரத்தில் பென்சிலால், காலினின் குண்டு குண்டான எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. டிலிஸ் மெதுவாகப் படித்தாள். "போலி சர்ட்டிபிகேட். நோட்டீஸ் செல்லாது. ஹெஸ்டர் காலி செய்யத் தேவையில்லை. கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும்."

ஹெஸ்டர் அந்தத் தாளையே பார்த்தாள். சந்தையில் அந்த மனிதரை என்னவெல்லாம் பேசிவிட்டாள். அவர் அவளுக்காக வந்து, அவள் வீட்டுப் படிக்குக் கீழே செத்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

போலீஸ் காரின் ஜன்னல் வழியாக லாட்டிமர் கத்தினார்.

"வீடு இன்னும் என்னோடதுதான்! நான் ஜெயில்ல இருந்தே புது நோட்டீஸ் அனுப்புவேன். நீ காலி பண்ணித்தான் ஆகணும்!"

ஹெஸ்டர் காருக்குப் பக்கத்தில் போனாள். குனிந்து, ஜன்னலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"தாராளமா அனுப்புங்க. ஆனா உங்களுக்குக் கிடைச்சிருக்கற வீடு இருக்கே... குடுத்து வச்சவர் சார் நீங்க. இருபது வருஷத்துக்கு ஒருத்தனும் காலி பண்ணச் சொல்ல மாட்டான்!"