இரண்டாவது மங்கு

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுமாதம். துரைமார் கப்பலேறிப் போக, அவர்களுடைய நாய்கள் இங்கேயே நின்றுவிட்டன. கிளேபாங்கில் பாக்கியலட்சுமி அக்கா அவற்றைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவந்தார். நான் வேலைக்குப் போனால் காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் மனைவி சந்திரமதியும் நான்கு வயது மல்லிகாவும்தான் இருப்பார்கள். காவலுக்கு ஒரு நாய் கேட்டுப் போனேன்.

"பசியாறிட்டீங்களா?" என்றார். அப்புறம் கேள்விமேல் கேள்வி. வேலி இருக்கா, சங்கிலி போடுவீங்களா, அடிப்பீங்களா என்று. பெண் கொடுப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள்.

ஆறு வயது நாய் ஒன்றைக் காட்டினார். பெயர் டைகர்.

"பத்து நாள் வச்சுப் பாருங்கண்ணே. ஒத்துவரலைன்னா கொண்டாந்துடுங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, ரெண்டு மங்குல, தனித்தனி கிண்ணத்துல, சோறு வைக்கணும்."

"ஒரு நாய்க்கு எதுக்குக்கா ரெண்டு?"

"பழக்கம்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குச் சுருக்கென்றது. இந்த அம்மா எதையோ மறைக்கிறார்.

மறுநாள் ஞாயிறு. மதியம் கொல்லையில் இரண்டு மங்கு வைத்தேன். டைகர் தன் சோற்றைத் தொடவில்லை. அதன் கண்கள் வேலிப்படலிலிருந்து மெல்ல நகர்ந்துவந்து இரண்டாவது மங்கில் நின்றன.

வாலை ஆட்டியது.

அங்கே யாரும் இல்லை.

வெகுநேரம் கழித்துத்தான் சாப்பிட்டது. இரண்டாவது மங்கை எடுக்கப் போனேன். அன்று மதியம்தான் வடித்த சோறு, ஊசிப்போய்க் குமட்டியது.

"என்ன கூத்து இது!" என்று அந்த மங்கைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

அன்று மாலையே மல்லிகா தட்டைத் தள்ளினாள்.

"நாறுதும்மா."

சந்திரமதி முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். வேறு சோறு போட்டாள். அதுவும் நாறியது. எங்கள் தட்டுகளில் ஒன்றுமில்லை, பிள்ளை தட்டில் மட்டும். மூன்று நாளாக வெறும் தண்ணீர்தான். பிள்ளை வாடிப்போனாள். எனக்குக் கைகால் ஓடவில்லை. டைகர் அவளருகில் உட்கார்ந்து, பாயில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலை நாயை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு கிளேபாங் போனேன்.

பாக்கியலட்சுமி அக்கா நாயைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். முகம் வெளுத்தது.

"நாயை மட்டுந்தான் கொண்டாந்தீங்களா?"

"வேற யாரைக் கொண்டாரணும்?"

"துரை வீட்டுப் பாப்பா," என்று கிசுகிசுத்தார். "காய்ச்சல்ல போயிடுச்சு. இவன்கூட உக்காந்துதான் சாப்பிடும். மங்கு வச்சாத்தான் இவன் பின்னாலேயே வரும்ண்ணே. வைக்காம விட்டுட்டீங்களா?"

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!"

"சொன்னா யாரு இவனை எடுப்பா?"

டைகர் வெறும் சாலையைப் பார்த்து முனகியது. வால் ஆடவில்லை.

வந்த ரிக்‌ஷாவிலேயே பறந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது சந்திரமதி சிரித்த முகமாக இருந்தாள்.

"நாய் போனதும் சரியாயிடுச்சுங்க. இன்னிக்கு அவளே சோறு கேட்டா. பரண்ல இருந்த மங்கையும் எடுத்துக் கழுவித் தரச் சொன்னா."

மல்லிகா பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு தட்டு. பக்கத்தில் அந்த மங்கு. அவள் தட்டில் ஆவி பறந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் மங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடும்மா," என்றேன்.

"இருங்கப்பா. அவ இன்னும் முடிக்கலை."