மதியத் தூக்கமும் பச்சைப் புள்ளியும்

சிந்தியாவின் அம்மா ரோசா பகலில் தண்ணீரே குடிக்கமாட்டார்.

காலையில் உப்பளம் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பும்போது அரை தம்ளர் காபி. அதோடு சரி. பெரிய மார்க்கெட்டின் பின்பக்கத் தெருவில் பூக்கூடையோடு உட்கார்ந்துவிட்டால், ராத்திரி கடைசி முழம் மல்லிகை விற்றுத் தீரும்வரை தொண்டையை நனைக்கமாட்டார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அப்படித்தான்.

யாராவது மோர் கொடுத்தால் வாங்கி, பக்கத்தில் பூ விற்கும் அஞ்சலாட்சி அத்தையிடம் நகர்த்திவிடுவார். அஞ்சலாட்சி அத்தை அதை அடுத்த பூக்காரியிடம் நகர்த்துவார். அந்த மோர் தெரு முழுக்க ஊர்வலம் போய், கடைசியில் வாழைப்பழ வண்டிக்காரரின் வயிற்றில்தான் போய்ச் சேரும்.

"ஏம்மா குடிக்கல?" என்று சிந்தியா கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான் வரும்.

"குடிச்சா போவணும். போறதுக்கு எடம் எங்க இருக்குது?"

போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் வலி. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனது சிந்தியாதான். டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூவு வாடக் கூடாதுன்னு தண்ணி தெளிக்கிறீங்க இல்ல? உங்க கிட்னிக்கு யாரு தெளிக்கிறது? இப்படியே போனா அது கெட்டுப்போயிடும்மா."

அம்மா சிரித்து மழுப்பினார். சிந்தியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறாம் வகுப்பில் கிட்னியைப் பற்றி அவள் படித்திருந்தாள். பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் கிளாட்வின் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். அவன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். பேருந்து நிறுத்தம், பூங்கா, கழிப்பறை எது எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற விவரங்களை எல்லாம் அரசாங்கம் இணையத்தில் போட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்து மக்களுக்கு உதவும் செயலி ஒன்றை உருவாக்க வேண்டும். அதுதான் போட்டி.

"நான் கார் பார்க்கிங்குக்கு ஆப் பண்ணப்போறேன்" என்றான் கிளாட்வின்.

"நம்மகிட்ட காரே இல்லியேண்ணா" என்றாள் சிந்தியா. "கக்கூஸுக்குப் பண்ணு. அம்மாவுக்கு உதவும்."

"கக்கூஸுக்கு ஆப்பா? காலேஜ்ல சிரிப்பாங்க."

"அவங்களுக்கு அவசரம் வரும்போது சிரிக்கிறாங்களான்னு பாரு."

கிளாட்வின் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தான். செயலிக்கு 'அவசரம்' என்றே பெயர் வைத்தான்.

ஊர் வரைபடத்தில் புள்ளிகள் தோன்றின. திறந்திருந்தால் பச்சை, பூட்டியிருந்தால் சிவப்பு. ஒரு புள்ளியைப் பார்த்ததும் சிந்தியா துள்ளிக் குதித்தாள். அம்மா பூ விற்கும் தெருவுக்கு அடுத்த சந்திலேயே பெண்களுக்கான கழிப்பறை ஒன்று இருந்தது. காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் என்றும் போட்டிருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார். "அது எனக்குத் தெரியாததா இன்னா? எத்தினியோ தடவ போய்ப் பாத்துட்டேன். எப்பவும் பூட்டிதான் கெடக்கும்."

"தெறந்திருக்குன்னு அரசாங்கமே சொல்லுதும்மா" என்றான் கிளாட்வின்.

"அரசாங்கம் வந்து கதவத் தள்ளிப் பாத்துச்சா?"

"நான் போய்த் தள்ளிப் பாக்கிறேன்" என்றாள் சிந்தியா.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மறுபடி போனாள். அதே பூட்டு. அம்மா சொன்னது சரிதான். அவளே செயலியில் சிவப்புப் புள்ளியைப் போட்டாள்.

"புகாரும் குடுத்துடு" என்றான் கிளாட்வின். "இந்தப் பொத்தான அமுக்குனா அரசாங்கத்தோட புகார்ச் சேவைக்கு நேரா போயிடும். அதிகாரி மேசையில விழும். ஆனா போட்டோ வேணும். எடுத்தியா?"

எடுக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கு விடுமுறை. பூட்டைப் படம் எடுத்தே தீருவது என்று அம்மாவோடு காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

படம் எடுக்கப் போனால் பூட்டைக் காணோம்.

கதவு விரியத் திறந்திருந்தது. தரை பளிச்சென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. நீலச் சீருடைக்கு மேல் சேலை முந்தானையை இழுத்துச் செருகிய ஒரு பெண் துடைப்பமும் கையுமாக நின்றிருந்தார்.

"காலக் கழுவிட்டு வா பாப்பா. இப்பதான் தொடச்சேன்."

"அக்கா, இது தெறந்திருக்குதே" என்றாள் சிந்தியா.

"பின்ன, தெறக்காம இன்னா பண்ணுவாங்க? தெனமும் ஆறு மணிக்குத் தெறக்கிறேன். ஒம்போதுக்குப் பூட்டுறேன். நடுவுல ஒண்ணுலேந்து நாலு வரைக்கும் செத்த தூங்குவேன்."

"அது அரசாங்கத் தகவல்ல இல்லியே."

"மத்தியானம் தூங்குறத யாராச்சும் எழுதி வெப்பாங்களா? அதான் ஊருக்கே தெரியுமே" என்று அந்த அக்கா சிரித்தார். அவர் பெயர் சின்னப்பாப்பா.

சிந்தியாவுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மதியம் ஒரு மணி ஆனால் இந்த ஊரில் முக்கால்வாசிக் கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். முதலாளிகள் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்குத்தான் வந்து திறப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அப்படியிருந்தும் கதவைத் தள்ளிப் பார்க்கச் சரியாக அந்த நேரத்தில் போயிருக்கிறாள், அதுவும் இரண்டு முறை.

அம்மாவும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் வியாபாரம் மும்முரமாக இருக்கும். கூடையை விட்டு எழுந்திருக்கவே முடியாது. மதியம்தான் கொஞ்சம் ஓய்வு. அப்போது ஓடிப்போய்ப் பார்த்தால் பூட்டு. தெருவில் இருக்கிற பூக்காரர்கள் எல்லோரும் அது எப்போதுமே பூட்டிக்கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கிளாட்வினுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பவும் தப்பு தப்புதான்" என்றான் அவன். "ஒம்போது மணி வரைக்கும்னு போட்டுட்டு நடுவுல பூட்டலாமா? புகார அனுப்பு."

போனின் ஒலி கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. சின்னப்பாப்பா அக்காவின் கையிலிருந்த துடைப்பம் நின்றுவிட்டது.

"புகாரா பாப்பா? என் மேலயா?"

சிந்தியா அவசரமாகப் போனை அணைத்தாள்.

"பிள்ளைச்சாவடியிலேந்து முதல் பஸ்ஸப் புடிச்சு வரேன். ராத்திரி வரைக்கும் இங்க நான் ஒருத்திதான். மத்தியானம் செத்த முதுக சாய்க்கலன்னா சாயந்தரம் கால் நிக்காது. புகார் போச்சுன்னா காண்ட்ராக்டர் நாளைக்கே வேற ஆள வெச்சிடுவாரு."

பொத்தானை அமுக்கினால் இந்த அக்காவின் வேலை போய்விடும். அமுக்காவிட்டால் அம்மாவின் உடம்பு கெட்டுப்போகும். "அனுப்பமாட்டேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவின் நீலக் குடைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மணி ஒன்றானது. எதிர்ப்பக்கம் பாத்திரக்கடை ஷட்டர் தடதடவென்று இறங்கியது. அடுத்து துணிக்கடை. அடுத்து நாட்டு மருந்துக் கடை. கொஞ்ச நேரத்தில் தெருவே தூங்கிப்போனது. நாய்கூட வண்டிக்கு அடியில் நீட்டிப் படுத்துவிட்டது. பூக்காரர்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்து சாயங்கால வியாபாரத்துக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிந்தியா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, ஊரே தூங்குது. நீங்கதான் முழிச்சிருக்கீங்க."

"அது எங்க தலையெழுத்து."

"அந்த அக்கா தூங்குற நேரத்துக்கு மட்டும் சாவிய நீ வெச்சிக்கியேன். வேணுங்கிறவங்க உன்கிட்ட வாங்கிட்டுப் போவட்டும். போய்ட்டு வந்து குடுக்கட்டும்."

அம்மா பூக் கட்டுவதை நிறுத்தினார். பக்கத்திலிருந்த அஞ்சலாட்சி அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நல்லாருக்குதுடி உன் யோசன. இது கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் போற பூவு. அது பக்கத்துல கக்கூஸ் சாவியா?"

அதுவும் நியாயம்தான். சிந்தியா சுற்றுமுற்றும் பார்த்தாள். அண்ணாந்தும் பார்த்தாள்.

"கீழ வேணாம் அத்த. குடைக் கம்பியில தொங்கவிடலாம். பூவு கீழ, சாவி மேல. வேணுங்கிறவங்களே கையால எடுத்துக்கட்டும். நீங்க தொடவே வேணாம்."

அத்தை குடையைப் பார்த்தார். மல்லிகையைப் பார்த்தார். காலையிலிருந்து அவரும் எங்கும் போகவில்லை. "கம்பி ஒசரமாத்தான் இருக்குது" என்றார் மெல்ல.

அம்மாவும் சிந்தியாவும் சின்னப்பாப்பா அக்காவைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அவர் லேசில் சாவியைக் கொடுத்துவிடவில்லை. யாராவது அசிங்கம் செய்துவிட்டுப் போனால் கழுவுவது யார் என்று கேட்டார்.

"போனவங்க ஒரு வாளி தண்ணி ஊத்திட்டுத்தான் வரணும்" என்றார் அம்மா. "ஊத்தாதவங்களுக்கு மறுநாள் சாவி கெடையாது. அத நான் பாத்துக்கிறேன்."

அன்று மதியம் மீதி நேரத்துக்குச் சாவி அம்மாவின் குடைக் கம்பியில் தொங்கியது. முதலில் எடுத்துக்கொண்டு ஓடியது அஞ்சலாட்சி அத்தைதான். அவர் ஓடி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிந்தியா அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, சிவப்ப எடுத்துட்டுப் பச்ச போடு. கீழ 'சாவி யாரிடம்'னு ஒரு கட்டம் போடு."

"அரசாங்கத் தகவல்ல அப்படி ஒரு கட்டமே இல்ல சிந்தி."

"அவங்களுக்குத் தெரியாது, அதனால இல்ல. நமக்குத் தெரியுமே."

"சரி, அந்த அக்கா தூங்குறதையும் எழுதணுமா?"

"அது எதுக்கு? சாவி இருக்கிற எடம் தெரிஞ்சா போதாதா?"

கிளாட்வின் முணுமுணுத்துக்கொண்டே தட்டச்சு செய்தான். 'மதியம் ஒன்று முதல் நான்கு வரை சாவி: பூக்கார ரோசா அம்மா, நீலக் குடை.' அன்றிரவே செயலியை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்திலும் போட்டுவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோகும் பெண் ஒருத்தி தெருவில் வந்து நின்றாள். கையில் போன், நெற்றியில் வியர்வை.

"இங்க ரோசாம்மா யாரு?"

அம்மா மேலே கையைக் காட்டினார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு பறந்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போகிற போக்கில் இரண்டு முழம் பூவும் வாங்கிக்கொண்டாள்.

போட்டி நாள் வந்தது. கிளாட்வின் மேடையில் நின்று விளக்கினான். சிந்தியா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கமலக்கண்ணன் என்ற அதிகாரி திரையையே பார்த்தபடி கேட்டார்.

"இந்த 'சாவி யாரிடம்'கிற தகவல எந்தத் துறை குடுத்துச்சு தம்பி? எங்ககிட்டயே இல்லியே."

கிளாட்வின் தங்கையைப் பார்த்தான். சிந்தியா எழுந்து நின்றுவிட்டாள்.

"பூக்காரங்க துறை சார்."

அரங்கமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஏன், அங்க வேலைக்கு ஆள் இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்காங்க சார். காலைல ஆறுலேந்து ராத்திரி ஒம்போது வரைக்கும் ஒரே ஒருத்தங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, "இந்தக் கட்டத்த எங்க தகவல்லயும் சேத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுத்துக்குங்க சார். நாங்களும் உங்களுத எடுத்துக்கிட்டோமே" என்றாள் சிந்தியா.

இரண்டாம் பரிசு கிடைத்தது. மறுநாள் மதியம் கிளாட்வின் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டான். அஞ்சலாட்சி அத்தை அதற்கு ஒரு முழம் கதம்பம் சுற்றினார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. பத்திரமா வை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அவ்ளோதானாம்மா?" கிளாட்வினுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

அந்த நேரம் தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டது. நன்னாரி சர்பத் வண்டி வந்துகொண்டிருந்தது. அத்தனை காலமும் பூக்காரர்கள் வரிசை வந்தால் நிற்காமல் தள்ளிக்கொண்டே போய்விடுவது வண்டிக்காரரின் வழக்கம்.

"யப்பா, வண்டிய நிறுத்து" என்றார் அம்மா.

வண்டிக்காரர் நம்பாமல் திரும்பிப் பார்த்தார். பிறகு எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டு ஒரு கண்ணாடித் தம்ளரை நீட்டினார். அம்மா அதை அத்தையிடம் நகர்த்தவில்லை. அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். சிந்தியா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு தம்ளரை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துப்பா. இந்தத் தடவ நெறைய ஊத்து."