பத்தாவது கார்டு

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்த அஞ்சலட்டை ஈரமாக இருந்தது. மழையில் நனைந்த ஈரம் என்றால் அறிவரசன் பொருட்படுத்தியிருக்கமாட்டார். கார்த்திகை மாதம், மூன்று நாளாகச் செந்துறையில் வெயில் தலைகாட்டவில்லை. ஆனால் அதோடு வந்த மற்ற இரண்டு உறைகளும் காய்ந்து மொறமொறவென்று இருந்தன. இது மட்டும், யாரோ வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு விட்டதுபோல, வெதுவெதுப்பாக, எழுத்தின் ஓரங்கள் கசிந்து விரலில் ஒட்டியது.

அனுப்புநர்: அரியமுத்து, ஆண்டிமடம்.

அப்படி ஒரு ஆள் கிடையாது. அது அறிவரசன் ஒருவருக்குத்தான் தெரியும்.

உரக்கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் வாசகர் வட்டத்துக்கு அவர் செயலாளர். வட்டத்துக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பத்துப் பேர் கைப்பட கார்டு எழுதி அனுப்பினால்தான் ஒரு புத்தகத்தை விவாதத்துக்கு எடுப்பது, அதை எழுதியவரைக் கூப்பிடுவது. போனில் வரும் கருத்து செல்லாது. ஒவ்வொரு கார்டுக்கும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஹா என்று ஊதி, வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டுதான் படிப்பார். வரிசை எண் போடுவார். துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பார்.

இந்த மாதப் புத்தகம், பெரம்பலூர்ப் பெண் மணிமொழி பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுதிய விண்வெளித் திகில் நாவல். ஏழு பிள்ளைகள் ஒரு கலத்தில் போகிறார்கள். ஏழு பேருக்கு அளந்த காற்று. கூடக் கொஞ்சம் காற்று கேட்டு வாங்கலாம் என்று, இல்லாத ஒருவனின் பெயரை அவர்களில் ஒருவன் பயணிகள் பட்டியலில் எட்டாவதாக எழுதி வைக்கிறான். காற்று வரவில்லை. எட்டாவது மூச்சுச் சத்தம் வருகிறது. காலி இருக்கைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்தால் ஆவி படிகிறது.

நூற்று எண்பதாம் பக்கத்தில் அறிவரசன் புத்தகத்தை மூடிவிட்டார். கடைசி அத்தியாயம் பாக்கி. குப்பை என்று தெரிந்த பிறகு அடிவரைக்கும் கிளற வேண்டுமா என்ன.

வந்த கார்டுகள் ஒன்பது. பிளஸ் ஒன் படிக்கும் வினோதினி, படித்துவிட்டு இரண்டு நாள் அம்மா பக்கத்திலேயே படுத்ததாக எழுதியிருந்தாள். முந்திரி வியாபாரி ஜெயசீலன், விண்வெளியில் பேய்க்கு என்ன சோலி, நம் ஊரில் இடம் இல்லையா என்று கேட்டிருந்தார். ஒருவருக்கு முதல் பாதி அலுப்பு, பின்பாதி நடுக்கம். இன்னொருவருக்கு அப்படியே நேர்மாறு. ஒரு ஆசிரியர் எழுத்துப்பிழைகளை மட்டும் எண்ணி அனுப்பியிருந்தார். புகழ்ந்தவர்களைப் பார்த்து அறிவரசனுக்கு எரிச்சல். திட்டியவர்களைப் பார்த்தால், திட்டக்கூடத் தெரியவில்லையே என்று இளக்காரம்.

பத்து சேராவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணை உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க வழியில்லை. ஆகவே பத்தாவது கார்டை அவரே இடதுகையால் எழுதினார். "பெயரை எழுதினால் ஆள் வந்துவிடுவானா? மூச்சு விடுவானா? எழுதியவருக்கு மூளை இருக்கிறதா?" கீழே அரியமுத்து, ஆண்டிமடம். முத்திரை சரியாக விழ வேண்டும் என்பதற்காக ஆண்டிமடத்துக்கே பஸ் ஏறிப் போய், அங்கிருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

இப்போது இது பதினோராவது. அதே இடதுகைக் கோணல்.

"ஐயா, என் பெயரில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன். நாற்காலி போட்டு வைக்கவும்."

ஜெயசீலன் வேலைதான். அந்த ஆளுக்கு இதே பிழைப்பு. அறிவரசன் போன் போட்டார்.

"என்னய்யா ஜெயசீலன், கார்டு போட்டு வெளையாடுறீரா?"

"ஒண்ணு போட்டதுக்கே கையி வலிக்குது செயலாளரே. இதுல வெளையாட்டு வேறயா?"

"அரியமுத்துன்னு..."

"ஆமா, அரியமுத்து. நேத்து ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேனே. உங்களப் பத்திதான் பேசுனாரு. நீங்கதான் அவர வட்டத்துக்குக் கொண்டாந்தீங்களாமே?"

அறிவரசன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஆளு எப்படி இருந்தாரு?"

"உங்க ஆளு, என்னயக் கேட்டா? மொகம் ஞாபகம் இல்ல. ஆனா மூச்சு வாங்குது பாவம். ரொம்ப தூரம் நடந்து வந்தேன்னாரு."

மறுநாள் நாலு மணிக்கே வானம் இருட்டிவிட்டது. உரக்கடை மாடியில் யூரியா நெடியும் நனைந்த குடைகளின் வாடையும், கீழே அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகள் போகும்போதெல்லாம் நடுங்கும் ஜன்னல் கண்ணாடியின் கிணுகிணுப்புமாக அறை நிறைந்திருந்தது. மணிமொழி சின்னப் பெண்; நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அறிவரசன் ஆட்களை எண்ணிப் பார்த்தார். எண்ணி வைத்த நாற்காலிகளில், பின்வரிசை ஜன்னலோரம் ஒன்று மட்டும் காலி.

"வாங்க அரியமுத்து, அங்கனயே உக்காருங்க," என்றார் ஜெயசீலன், வாசலைப் பார்த்து.

வாசலில் யாரும் இல்லை. மரப்படியில் மட்டும் ஈரம்.

அறிவரசன் முதல் கார்டைப் படித்தார். வினோதினியின் பயத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். ஜெயசீலன் கார்டுக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நாலாவது, ஐந்தாவது. வாக்கியம் முடிவதற்குள் அவருக்கு மூச்சு தீர்ந்தது. சளி பிடித்திருக்கும். ஆறாவது கார்டில் நடுவே நிறுத்தினார். அவர் நிறுத்தியும் ஒரு மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. இழுத்து, விட்டு, இழுத்து. பின்வரிசையில். நிதானமாக. பசியோடு சாப்பிடுபவன் வேகத்தில்.

"சார், கொஞ்சம் சத்தமா படிங்க," என்றாள் மணிமொழி. "கேக்கல."

"ஏம்மா," என்றார் அறிவரசன். "உங்க கதையில... அந்த எட்டாவது ஆளு. கடைசில என்ன ஆவான்?"

"கடைசி அத்தியாயம் படிக்கலீங்களா சார்?"

"படிச்சேன். மத்தவங்களுக்காகச் சொல்லுங்க."

"ஏழு பேரு காத்துல எட்டு பேரு தாங்காது சார். தரை எறங்குறப்ப ஏழு பேருதான் எறங்குவாங்க." துப்பட்டாவின் நுனியைச் சுருட்டினாள். "பேரை எழுதுனவன் எறங்கமாட்டான்."

"இதுக்குத்தான் எரநூறு பக்கமா?" என்றார் ஜெயசீலன். எல்லோரும் சிரித்தார்கள். மணிமொழியும் சிரித்தாள்.

அறிவரசன் மீதியை ஒவ்வொன்றாகப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. பத்தாவதை எடுத்தார். இப்போது அதிலும் ஈரம். வாயைத் திறந்தார். தம் குரல் தமக்கே கேட்கவில்லை. ஆனால் அந்த வரிகள் கேட்டன. பெயரை எழுதினால் ஆள் வந்துவிடுவானா. ஜன்னலோரத்திலிருந்து. எல்லோரும் பின்னால் திரும்பி, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வினோதினி கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

கைதட்டினார்கள்.

"நல்லா நறுக்குன்னு எழுதிருக்கீங்க," என்றார் ஜெயசீலன் நாற்காலியிடம். பிறகு மேசைப் பக்கம் திரும்பினார். அவர் பார்வை அறிவரசனைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. "ஆமா, செயலாளர எங்க இன்னக்கிக் காணும்? கோப்ப மட்டும் வச்சுட்டுப் போயிட்டாரா?"

இங்கேதான். இங்கேதான் இருக்கிறேன்.

உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

"அரியமுத்து, நீங்களே முன்னால வாங்களேன்," என்றார் ஜெயசீலன்.

நாற்காலி நகரும் சத்தம். பலகையில் ஈரக்காலின் சத்தம். ஒன்று. இன்னொன்று. மேசைக்கு எதிரில் நின்றது.

அறிவரசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வாயருகே கொண்டுபோனார். ஹா.

பளிச்சென்று இருந்தது.

இன்னொரு முறை. ஹா.

துளி ஆவி இல்லை.

பிறகு, அவர் கையில் பிடித்தபடியே, கண்ணாடியின் மறுபக்கம் மெல்ல வெளுக்கத் தொடங்கியது.