சுசித்ராவின் கேமரா

கேமராவின் பேட்டரி முழுதாக இருந்தது. பொங்கலுக்குப் பிறகு அதைத் தொடவே இல்லை என்று சுசித்ரா சொல்லியிருந்தாள். ஆறு மாதம் பெட்டிக்குள் கிடந்த கேமரா பட்டனைத் தொட்டதும் விழித்துக்கொண்டது அனிட்டாவுக்கு என்னவோ போலிருந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து அவள் மூக்கண்டப்பள்ளி அறைக்குள் நுழையவும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தில் அது சடசடவென்று அடிக்க, ஈரச்சுவர் வாடையும் யூனிஃபார்மில் ஒட்டியிருந்த மெஷின் ஆயில் வாடையும் கலந்து மூச்சை அடைத்தது.

கூடத் தங்கியிருக்கும் சுசித்ரா காலில் மருதாணியோடு காலையிலேயே காவேரிப்பட்டினம் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்கிறார்களாம். கேமராவில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பச் சொல்லிப் போனில் கெஞ்சினாள். அனிட்டா காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் லீவு போட்டுக் கஞ்சி ஊட்டியவள். அவள் கேட்டு எதை மறுப்பது?

கம்ப்யூட்டரோ கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. சுசித்ரா சொல்லச் சொல்ல, போனைக் காதில் வைத்தபடியே கேபிளைக் கழற்றி மாட்டினாள். வேறு போர்ட்டில் செருகினாள். அப்பா தூங்குகிறார் என்று சுசித்ரா கிசுகிசுப்பாகவே பேசினாள்.

"கேபிள் மடங்கிருக்குது பாரு. கேமராவ உன்னப் பாத்தாப்ல திருப்பி வெய்யி."

திருப்பி வைத்த பிறகுதான் உறைத்தது. கேபிள் மடங்கியிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

டிங்.

படங்கள் விரிந்தன. இதே அறை. இதே நாற்காலி. காதில் போனோடு நிர்மலா. அனிட்டாவுக்கு முன்னால் இங்கே தங்கியிருந்தவள்; கம்பெனியில் பார்த்த முகம். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டாள் என்று சுசித்ரா அழுதழுது சொல்லியிருந்தாள்.

நிர்மலா போட்டிருந்தது பூவேலை செய்த மஞ்சள் சுடிதார். புதுசாகத் தைத்தது என்று அனிட்டாவின் பிறந்தநாளுக்குச் சுசித்ரா கொடுத்த அதே சுடிதார்.

அடுத்த படம். நிர்மலாவின் கழுத்தருகே இரண்டு கைகள்.

அடுத்தது. காலி நாற்காலி.

"கனெக்ட் ஆயிருச்சா?"

"சுசி... எங்கடி இருக்க?"

மழை விட்டிருந்தது. போனில் மூச்சுச் சத்தம் மட்டும். போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

திரையில் புதிதாக ஒரு படம். அது அசைந்தது. வெளிறிய அனிட்டாவின் முகம். முதுகுக்குப் பின்னால் பரண். பரண் துணியை விலக்கிக்கொண்டு இரண்டு பாதங்கள் மெல்ல இறங்கின. நேற்று மாலை அனிட்டாவே பார்த்துப் பார்த்து வைத்துவிட்ட மருதாணி, அவற்றில் நன்றாகச் சிவந்திருந்தது.