நான்கு நிமிடத் தணிப்பு

அமோனியா கசிந்த இருபதாவது நிமிடத்தில், இறால் பதனிடும் கூடத்தின் நாற்பத்திரண்டு பெண்களில் நாற்பத்தொரு பேர் மேசைக்குத் திரும்பிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் தணிப்புப் பட்டையை நான்கு நிமிடம் ஒட்டினால் போதும். இரத்தத்தில் மன அழுத்தச் சுரப்பு வடிந்துவிடும். பட்டையின் விளக்கு சிவப்பிலிருந்து பச்சையாகும்.

பிரகாசி மட்டும் வெளியே தூத்துக்குடி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தின் பாதுகாப்புப் பிரதிநிதி அவள். இது இந்த மாதத்தின் மூன்றாவது கசிவு. முந்தைய இரண்டு முறையும் பட்டை ஒட்டிய பிறகு, விசாரணையில் சொல்ல எவளிடமும் எதுவும் இல்லை, அவளிடமும்தான். இம்முறை வேண்டாம் என்றுவிட்டாள்.

“இன்னும் நடுங்கிட்டா இருக்க? என்னப் பாரு, ஒண்ணுஞ் செய்யல,” என்றாள் தங்கை லிதியா, கதவருகில் நின்று.

“ஒன்ன என்னைக்குத்தான் எது செஞ்சிருக்கு? ஏட்டி, உள்ள போவாத.”

லிதியா சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஆபத்தின்போது மூளையில் எச்சரிக்கை நரம்பு வலை முந்திக்கொள்கிறது. சுரப்பு மெல்ல அடங்கும் அடுத்த ஒரு மணி நேரத்தில்தான் மற்ற வலைகள் விழித்து, கண்டதையெல்லாம் திரும்ப எடுத்து எடைபோடுகின்றன. பட்டை மிச்சப்படுத்தியது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

நாற்பதாவது நிமிடத்தில் பிரகாசிக்கு அது நினைவுக்கு வந்தது. வாடை வருவதற்கு முன்பு, மூன்றாவது குழாயின் வளைவிலிருந்து உறைபனி உதிர்ந்ததை அவள் பார்த்திருந்தாள். மெக்கானிக்குகள் அடைத்ததோ இரண்டாவதை. மூன்றாவதன் கீழே லிதியாவின் மேசை.

மேற்பார்வையாளர் சுடலைமுத்துவிடம் ஓடினாள்.

“லைன நிறுத்துங்க சார்! மூணாவது குழா விரிசல் விடப்போவுது!”

“நிறுத்திரலாம்மா. பிரதிநிதி ஒன் கைரேகை வேணும். ஆனா பட்டையில பச்ச வெளக்கு இல்லாம மெசினு எடுக்காதே. பதறிப்போயி நிறுத்துனா செல்லாதுன்னு விதி.”

“அப்ப ஒட்டுங்க. சீக்கிரம்!”

நான்கு நிமிடமும் ‘மூணாவது குழா, லிதியா’ என்று ஜெபம்போல முணுமுணுத்தாள். விளக்கு பச்சையானது.

“ம், ரேகைய வை.”

எதுவும் மறக்கவில்லை. குழாய், பனி, கீழே இருப்பவள் தன் தங்கை. எல்லாம் நினைவில் தெளிவாக இருந்தன, யாரோ ஒருவர் வீட்டுச் செய்தியைப்போல.

“ஷிப்டு முடியட்டும் சார். ஒரு லாரி லோடுதான மிச்சம்.”

“ஷிப்டு முடிஞ்சு நிறுத்துறதுன்னு எழுதி வச்சிரவா?”

“எழுதுங்க.”

கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

“தேறிட்டியாக்கா?” லிதியா தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

“தேறிட்டேன்.”

இருவரும் தலை நிமிராமல் இறால் உரித்தார்கள்.