உறைந்த பின் எழுதப்பட்ட வரி

நேற்று நண்பகலில் எடுத்த நகலில் இன்று ஒரு வரி கூடியிருந்தது.

தடாலாவுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. ஆஸ்பத்திரிக் கணினியிலிருக்கும் பதிவேடுகளுக்கு அவள் தினமும் எடுத்துவைக்கும் நகல் நிழற்படம் மாதிரி. எடுத்த பிறகு அதில் ஈ கூட இடம் மாறக்கூடாது. இந்த வரியோ இறப்புப் பதிவேட்டின் அடியில் உட்கார்ந்திருந்தது: 'நசிபெக்கோ. பெண்கள் வார்டு, கட்டில் 9. இறந்த நேரம்:'

அதற்கு மேல் வெற்றிடம்.

கட்டில் ஒன்பதில் படுத்திருப்பவள் அவளுடைய அம்மா. இன்று காலைகூட மக்காச்சோளக் கஞ்சியில் சர்க்கரை போதவில்லையென்று மகளைத் திட்டியவள்.

"பம்போ, ஐயா, இத வந்து பாருங்க."

பதிவறைத் தலைவர் ம்க்வேசலாம்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நர்சு யாரோ பாதி எழுதறப்போ நகல் எடுத்திருப்ப."

"நிறுத்தாம எடுன்னு சொன்னது யாரு? முன்னெல்லாம் யாரும் எழுத முடியாம மூணு விநாடி உறைய வச்சு, எடுத்துட்டு, விட்டுருவேன். அப்படிச் செய்யாட்டி ஒருத்தி பேரும் இன்னொருத்தி வயசும் ஒட்டிக்கிட்டு வரும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"ஸ்கிரீன் நின்னு போகுதுன்னு நர்சுங்க என் கழுத்தப் பிடிக்கறாங்க அமாயி. உனக்கென்ன, கதவ மூடிக்கிட்டு உக்காந்திருப்ப."

"எங்கம்மா உசுரோட இருக்கா. அவ பேரு எப்படி இதுல வரும்?"

"ஊருல நசிபெக்கோ ஒருத்திதானா?" சொல்லிவிட்டு நடைக்குப் போனார்.

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். வரி வளர்ந்திருந்தது. 'இறந்த நேரம்: 12:'

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டடிக்க இரண்டு நிமிடம்.

எழுதுகிறவன் எவனாயிருந்தாலும் சரி, இன்றைக்கு எழுதட்டும் பார்ப்போம். உடம்பெல்லாம் கொதித்தது. முன்பெல்லாம் பதிவேடுகள் இருக்கும் வட்டை மட்டும்தான் உறைய வைப்பாள். இன்று ஒன்று விடாமல், மொத்த இயந்திரத்துக்கும் சேர்த்துக் கட்டளையைத் தட்டினாள், கோபத்தில் எப்போதும் தட்டுகிறபடி, கடைசி விசையைக் குத்தி.

குத்தின பிறகுதான் உறைத்தது. விடுவிக்கும் கட்டளையும் அதே இயந்திரத்துக்குள்தான் இருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டாள்.

தட்டிப் பார்த்தாள். திரை அசையவில்லை.

அப்போதுதான் சத்தங்கள் போயின. முற்றத்தில் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டர், மருந்துக்கான வரிசையில் மாறி மாறி இருமிக்கொண்டிருந்த கிழவர்கள், தகரக் கூரைமேல் நகம் பிராண்டும் காகங்கள், சோம்பா மலையிலிருந்து இறங்கி மூங்கில் புதரை உரசும் காற்று, எல்லாம் ஒரே வெட்டில். நின்றது இயந்திரம்தானே? காகம் ஏன் நிற்க வேண்டும்?

இடுப்பில் சுற்றியிருந்த மீன் படம் போட்ட பச்சைச் சிட்டெஞ்சித் துணியை இறுக்கிக்கொண்டு நடைக்கு வந்தாள். ம்க்வேசலாம்பா யாரையோ அதட்ட விரலை நீட்டியிருந்தார். விரல் இறங்கவில்லை. வாய் மூடவில்லை.

"பம்போ?"

கண்ணும் சிமிட்டவில்லை.

ஓடினாள். தன் செருப்புச் சத்தம் மட்டும். டெட்டால் வாசனை காற்றில் நகராமல், ஒவ்வோர் இடத்திலும் ஒரு கட்டியாக நின்றது. அதற்குள் நுழைந்து நுழைந்து ஓடினாள்.

பெண்கள் வார்டு. கவிழும் தண்ணீர்க் குவளை. சிந்தாத தண்ணீர்.

கட்டில் ஒன்பது. குளுகோஸ் குழாயில் ஒரு சொட்டு. பாதி வழியில். அந்தரத்தில்.

அம்மாவின் மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

கண்கள் மட்டும் அசைந்தன.

டக்.

வார்டின் கோடியில், நர்சு மேசையில். டக். டக். யாரோ தட்டுகிறார்கள். கோபமாக. கடைசி விசையைக் குத்தி.

முதுகுதான் தெரிந்தது. இடுப்பில் பச்சைச் சிட்டெஞ்சி. மீன் போட்டது.

அவளுக்கு முன்னால் திரை. 'இறந்த நேரம்: 12:0'

'நிறுத்துடி!' என்று கத்தத் தடாலா வாயைத் திறந்தாள்.

வாய் திறந்தபடியே நின்றது. தூக்கிய கால் தரைக்கு வரவில்லை.

அம்மாவின் கண்கள் மேசைக்காரியிடம் போயின. நிற்கிறவளிடம் வந்தன. மறுபடி அங்கே. மறுபடி இங்கே. எவள் தன் மகளென்று தெரியாமல்.

டக்.