ஒரு வரியில் ஒரு கொலை!

"ஐயோ... யாராவது ஓடி வாங்களேன்!"

ஆண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அந்த அலறல் கிளம்பியபோது, சிஸ்டர் வார்டின் மறுகோடியில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

போட்டது போட்டபடி ஓடினாள்.

கட்டிலில் தையல்காரர்... உதடு வீங்கி, கழுத்தெல்லாம் சிவந்து தடித்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். சற்று முன்புதான் அவள் தன் கையால் போட்ட ஊசி!

டாக்டர் வந்தார். ஆக்சிஜன் வந்தது. மாற்று மருந்து வந்தது.

போன மூச்சு மட்டும் வரவில்லை.

"ஊசியோடயே வாழ்ந்த மனுஷன்... ஊசியாலயே போயிட்டாரே!"

மனைவியின் அழுகையில் வார்டே உறைந்து நின்றது.

சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலையில்தான் அவளுடைய வெள்ளைக் கோட்டில் தொங்கிய பட்டனைப் பார்த்து, "கழட்டிக் குடும்மா, தைச்சுத் தரேன்... காய்ச்சல் உடம்புக்குத்தான், கைக்கு இல்ல" என்று சிரித்தார். ஊசி போடும்போது காய்ச்சல் மயக்கத்தில் கண்ணே திறக்கவில்லை.

இனி திறக்கவும் மாட்டார்.

நர்ஸ்கள் அறை.

இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே மேஜைமேல் இரண்டு காகிதங்களை வைத்தார்.

"இது அட்மிஷன் பேப்பர். 'பென்சிலின் ஆகாது'ன்னு அவரே சொல்லி எழுதினது. இது இன்னிக்குக் காலைல உங்க கம்ப்யூட்டர் அடிச்ச மருந்துச் சீட்டு. 'ஒவ்வாமை இல்லை'ங்குது. ரெண்டுல எது பொய் சொல்லுது சிஸ்டர்?"

"சீட்டைப் பாத்துதான் டாக்டர் பென்சிலின் எழுதினார். நானும் சீட்டைப் பாத்துதான் ஊசி போட்டேன் சார்..."

"சீட்டு அடிக்கிற ப்ரோக்ராமை எழுதின புண்ணியவான் யாரு?"

அவள் தலை குனிந்தாள்.

"நான்தான்."

இன்ஸ்பெக்டரின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

"நர்ஸ் வேலைக்கு நடுவுல இது எதுக்கும்மா?"

எதுக்கு? அவள் எதைச் சொல்வாள்?

இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போன மகள் திரும்பி வரவில்லை. ஒரு லாரி. அவ்வளவுதான். அதற்கப்புறம் வீட்டில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தவளை, கணவர்தான் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்து உட்கார வைத்தார். அவர் கம்ப்யூட்டர் சென்டரில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கும் வாத்தியார். அழுகை வரும்போதெல்லாம் ஒரு கணக்குக் கொடுப்பார். அழுதுகொண்டே போட்டுப் பழகினாள்.

"மனசை வேற எதுலயாவது வைக்கணும்னு கத்துக்கிட்டேன் சார். வார்டுக்கு உபயோகமா இருக்கட்டுமேன்னு எழுதினேன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எப்படி வேலை செய்யுது?"

"ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ரெக்கார்ட் சார். பேரு, நம்பர், கட்டில், ஆகாத மருந்து... எல்லாம் ஒரே கட்டா இருக்கும். அந்தக் கட்டுகளை வரிசையா அடுக்கினா, அதுக்குப் பேரு அரே. கவுன்டர்ல டைப் பண்ற விவரமெல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கும். ப்ரோக்ராம் அந்த ஃபைலைத் திறந்து, வரி வரியா படிச்சு, ஒவ்வொரு வரியையும் ஒரு ரெக்கார்ட்ல போடும். அப்புறம் வரிசையா சீட்டு அடிக்கும்."

கதவு படாரென்று திறந்தது.

வாத்தியார்! சட்டையெல்லாம் வியர்வை.

"சார்... அவ கத்துக்குட்டி சார்! இது கொலையும் இல்ல, மண்ணும் இல்ல. ப்ரோக்ராம்ல தப்பு. பேருக்கு ஒரு அரே, மருந்துக்கு ஒரு அரேன்னு தனித்தனியா வச்சிருப்பா. பேரை மட்டும் அகர வரிசைல அடுக்கியிருப்பா. பேர் நகரும், மருந்து நகராது. ஒருத்தன் தலை, இன்னொருத்தன் உடம்புன்னு ஆயிடும். எல்லாரும் பண்ற தப்புதான் சார்!"

சிஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது ஆரம்பத்துல பண்ணினதுங்க. நீங்கதானே திட்டி, எல்லாத்தையும் ரெக்கார்டா மாத்தச் சொன்னீங்க?"

"அப்ப... அப்ப ஃபைலைப் படிக்கும்போது ஒரு இடம் நழுவியிருக்கும்."

"ஒரு இடம் நழுவினா, அதுக்கப்புறம் வர்ற எல்லாருக்கும் தப்பாத்தானே வரணும்? வார்டு முழுக்க சீட்டைச் சரிபார்த்துட்டேன். இவர் ஒருத்தருக்கு மட்டும்தான் தப்பு. ப்ரோக்ராமுக்கு ஆள் பாத்துக் கழுத்தறுக்கத் தெரியாதுங்க!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேசுங்க சிஸ்டர். நல்லா இருக்கு."

வாத்தியார் அவள் தோளைப் பிடித்தார்.

"விட்டுடும்மா. தப்பு உன்னுதுன்னு ஒத்துக்கோ. மிஞ்சிப்போனா வேலை போகும். வீட்டுல இருக்கலாம். நான் பாத்துக்கறேன்."

"ஒரு உயிர் போயிருக்குங்க! நான்தான் கொன்னேனான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அவள் எழுந்தாள். கவுன்டர் கம்ப்யூட்டரில் நேற்று மாலை இருந்த ஃபைலின் நகல் அப்படியே இருந்தது. அதை எடுத்து வந்து தன் ப்ரோக்ராமில் கொடுத்தாள்.

பிரின்டர் முனகியது.

தையல்காரரின் சீட்டு வெளியே வந்தது.

'பென்சிலின் ஆகாது!'

"பாத்தீங்களா சார்... ப்ரோக்ராம் சரி. ஃபைல்தான் மாறியிருக்கு. ஒரே ஒரு வரி. யாரோ கையால மாத்தியிருக்காங்க!"

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. நான் கொல்லவில்லை!

"சபாஷ்!" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். "நேத்து சாயங்காலம் சரியா இருந்த ஃபைல், காலைல தப்பா இருக்கு. நடுவுல அது எங்கே இருந்தது?"

"காலைல சீட்டு அடிச்சது என் பென்டிரைவ்ல இருந்த ஃபைல் சார். ப்ரோக்ராம்ல ஒரு சின்ன திருத்தம் பாக்கி இருந்தது. அதுக்காகப் பென்டிரைவ்ல போட்டு நான்தான் வீட்டுக்கு..."

வாய் அப்படியே நின்றது.

அந்த வெளிச்சம் அணைந்துபோனது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

அவள் திரும்பினாள். வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏங்க..."

அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"ஏங்க! என்னைப் பாருங்க!"

அவர் மடங்கி உட்கார்ந்தார். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் குரல் வந்தது.

"நேத்து உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்ல... வாசல் பெஞ்சுல உக்காந்து வெயில் காஞ்சுக்கிட்டிருந்தான். நம்ம பொண்ணு மேல லாரியை ஏத்தினவன்! சாட்சி பத்தலைன்னு கோர்ட்டு விட்டுச்சே, அவன்! நீ ஒருநாள்கூடக் கோர்ட்டுக்கு வரல. பேரைக்கூடச் சொல்லாதீங்கன்ன..."

"சொல்லாதீங்கன்னேன்... அந்தப் பேர்ல யாரைப் பாத்தாலும் வெறுத்துடுவேனோன்னு பயந்து."

"எனக்கு அந்தப் பேர் மறக்கலம்மா. நீ அவனுக்கு மாத்திரை குடுத்துக்கிட்டிருக்க... தாங்க முடியல. அவனுக்கு என்ன நோயின்னு பாக்கத்தான் ஃபைலைத் திறந்தேன். சத்தியமா அவ்வளவுதான். உன் ப்ரோக்ராம்ல அவன் பேரைத் தேடினேன். வந்துச்சு. பக்கத்துலயே 'பென்சிலின் ஆகாது'ன்னு... கை தானா போயி அழிச்சிடுச்சு."

வெளியே தையல்காரரின் மனைவி விசும்புவது கேட்டது.

சிஸ்டரின் உதடுகள் அசைந்தன.

"செத்துப்போனவர் லாரி ஓட்டினதே இல்லீங்க... தையல்காரர்."

"இல்ல! அவன்தான்! அதே பேரு!"

"பேரு மட்டும் பாத்தீங்களா? நம்பர் பாக்கலையா?"

"எதுக்கு..."

"அந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க! என் தேடல், முதல்ல கிடைக்கிற ரெக்கார்டோட நின்னுடும். இன்னொருத்தர் இருக்காரான்னு பாக்காது. அந்தத் திருத்தத்துக்குத்தாங்க ஃபைலை வீட்டுக்கே கொண்டு வந்தேன்!"

வாத்தியாரின் முகம் வெள்ளைத்தாள் ஆனது.

அப்போதுதான் கதவருகே ஒரு குரல்.

"சிஸ்டர்... என்னை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. கிளம்பறேன். சொல்லாமப் போக மனசு வரல."

கையில் புதுக்கட்டோடு, துணிப்பையோடு ஓர் ஆள். ஒரு வாரமாக அவள் புண் துடைத்துக் கட்டுப் போட்டுவந்த கை!

அவன் பார்வை வாத்தியார்மேல் விழுந்தது. பை நழுவியது. கோர்ட்டில் எத்தனை முறை பார்த்த முகம்!

"இவர்... உங்க..." என்றான் சிஸ்டரிடம். அதற்குமேல் வரவில்லை. கூப்பிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாகச் சரிந்தான்.

சிஸ்டர் அவனைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். வெறுப்பதற்குக்கூட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவனைத் தாண்டி வராந்தாவுக்கு நடந்தாள். தையல்காரரின் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். அழுகைதான் வந்தது.

விவரம் எதுவும் தெரியாத அந்த அம்மாள் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நீ என்னம்மா பண்ணுவ... சீட்டுல இருந்ததைத்தானே செஞ்ச."

உள்ளே வாத்தியார் தன் இரண்டு கைகளையும் தானாகவே நீட்டினார்.

"தப்பான ஆளைக் கொன்னுட்டேன் சார்... பேரை நம்பி..."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். ஒரு தும்மலை அடக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"வாங்க வாத்தியாரே... இனிமே நீங்க இருக்கப்போற இடத்துல அந்தக் குழப்பமே வராது. அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க... நம்பர்தான்!"